புறப்படுவதற்கு முன் படிக்க வேண்டியவை

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் ஒருவரைப் பற்றிக் கதை வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எப்ப ஃப்ளைட்?" கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்க சுமார் மூன்றரை மணித்தியாலம் ஆகும். அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேர அதைப் போல் இரண்டு மடங்கு நேரம் போதாது. எனவே விமானம்தான் இந்தப் பிரயாணத்தில் மிகச் சிறிய பகுதி. இடம் கிடைத்த செய்தி வந்த நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் பல மாதங்கள் கிடக்கின்றன. அந்த மாதங்களில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

என் ராத்தா இப்போது அந்த மாதங்களுக்குள் இருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இருந்து படிப்பவர்கள். ஒரு பக்கத்தில் என்னுடைய பன்னிரண்டாம் தரப் புத்தகங்கள். மறுபக்கத்தில் அவருடைய கோவை. அந்தக் கோவை தடித்துக்கொண்டே வருவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில், எனக்கு விளங்கிய சிலவற்றை இங்கு எழுதுகிறேன். என்னோடு படிக்கும் தோழியருக்கும், குறிப்பாக அவர்களுடைய பெற்றோருக்கும், இவை உதவக்கூடும்.

ராத்தாவுக்கு இடம் கிடைத்திருப்பது மலேசிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில், உளவியல் கற்பதற்கு. 1983இல் ஆரம்பிக்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. பிரதான வளாகம் கோலாலம்பூரை ஒட்டிய கொம்பாக் என்னும் இடத்தில் இருக்கிறது. போதனா மொழி ஆங்கிலம். பீடத்தை அங்கே 'குல்லிய்யா' என்கிறார்கள், விடுதியை 'மஹல்லா' என்கிறார்கள். பெண்களின் விடுதிகளுக்கு ஆசியா, மர்யம், ருகையா, ஸஃபிய்யா, ஸுமையா என்று பெயர்கள். நம்மிடையே மஹல்லா என்றால் ஒரு பள்ளிவாசலுக்கு உட்பட்ட குடும்பங்கள் அல்லவா? ராத்தா மஹல்லாவில் தங்கப் போகிறார் என்று கேட்டதும் உம்மம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப பள்ளிக்குப் பக்கத்திலதான்" என்றார். நாங்கள் திருத்தவில்லை. வளாகத்தின் நடுவில் பெரிய பள்ளிவாசல் ஒன்று இருப்பதால் அவர் சொன்னது பொய்யும் அல்ல.

வாப்பாவுக்கு வேறு கேள்வி இருந்தது. "ஒலுவில்ல கம்பஸ் இரிக்கக்குள்ள மலேசியாக்கு என்னத்துக்குப் போகணும், புள்ள?" இது நியாயமான கேள்வி. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டு பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம், எங்கள் பிரதேசத்துப் பெண்கள் பட்டம் பெற எவ்வளவு பெரிய வாசலைத் திறந்தது என்பதை நாம் அறிவோம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்துப் பட்டதாரியான ஆசிரியைகள் எத்தனை பேர்! ஆகவே வெளிநாடு என்றால் உயர்வு, உள்நாடு என்றால் தாழ்வு என்று நினைத்துக்கொண்டு யாரும் புறப்படக் கூடாது என்பது என் கருத்து. போவதற்குச் சொந்தமான ஒரு காரணம் இருக்க வேண்டும்.

ராத்தாவின் காரணம் பாடம்தான். நம் நாட்டில் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியால் தீர்மானிக்கப்படுகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. கலைப்பிரிவுக்கு மாவட்டக் கோட்டா கிடையாது, அகில இலங்கைத் திறமை மாத்திரமே. ராத்தா கலைப்பிரிவு. அவருடைய புள்ளிக்குப் பல்கலைக்கழக இடம் கிடைக்கும்தான். ஆனால் உளவியலைப் பிரதான பாடமாகப் படிக்கும் வாய்ப்பு நாட்டின் ஒரு சில பல்கலைக்கழகங்களில் மாத்திரமே இருக்கிறது, அங்கே போகும் அளவுக்குப் புள்ளி போதவில்லை. வேறொன்றைப் படித்தால் என்ன என்று பலரும் கேட்டார்கள். எங்கள் சாச்சி 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. மழை இரைந்தால்கூட எழுந்து கதவைத் திறந்து பார்ப்பார். ராத்தா பிறந்தது சுனாமிக்குப் பிறகு. அவர் அந்த அலையைப் பார்க்கவில்லை, சாச்சியைப் பார்த்து வளர்ந்தவர். எங்கள் கரையோரத்தில் இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன! மனதில் உள்ளதை நம்முடைய பேச்சிலேயே கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய பெண் ஒருவர் வேண்டும் என்று ராத்தா வாப்பாவிடம் சொன்னார். வாப்பா அன்று பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "கடவுச்சீட்டுக்கு என்ன என்ன வேணும்?" என்று கேட்டார்.

அங்கிருந்துதான் கோவை தொடங்கியது. இந்தப் பகுதியைப் பெற்றோர் கவனமாக வாசிக்க வேண்டும். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில் இருப்பவை. அவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் பெற வேண்டும். அப்போதுதான் நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கல் வெளியே வருகிறது. 'முஹம்மது' என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், உயர்தரச் சான்றிதழில் இன்னொரு விதம். ஊரில் இது யாருக்கும் பிரச்சினை இல்லை. தூரத்து நாட்டின் அலுவலகம் ஒன்றில் இந்த மூன்று காகிதங்களையும் பார்ப்பவருக்கு அவை மூன்று வேறு பெண்களுடையவை. ராத்தாவுக்குத் தந்தையின் பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டது. மூன்றும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி முடித்துத்தான் மேலே போக முடிந்தது. உயர்தரப் பரீட்சை விண்ணப்பத்தில் பெயரை எழுதப்போகும் தோழியர், பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். வெளிநாடு போகாவிட்டாலும் இது உதவும்.

குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும், சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவும் பத்தரமுல்லையில் சுஹுருபாய என்னும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. பரீட்சைத் திணைக்களம் அதே பத்தரமுல்லையின் பெலவத்தையில். இதைத் தெரிந்துகொண்டு திட்டமிட்டால், இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் இறங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பிரயாணமாவது மிச்சமாகும்.

இடையில் முகவர் ஒருவரும் வந்தார். பதிவுக் கட்டணம் தந்தால் இடம் நிச்சயம் என்றார். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாணவரே இணையத்தின் ஊடாக நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்பதை ராத்தா ஏற்கனவே பார்த்து வைத்திருந்ததால், வாப்பா தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். முகவர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாமே செய்யக்கூடிய வேலை எது, மற்றவருக்குப் பணம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை எது என்று பிரித்தறியாமல் யாரிடமும் பணம் கொடுக்கக் கூடாது. படித்துவிட்டு வந்தால் பட்டம் இங்கே செல்லுமா என்பதையும் முதலிலேயே பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் இலங்கை மருத்துவ சபையின் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். அவர்கள் திரும்பி வந்த பிறகு ஈஆர்பிஎம் என்ற பதிவுப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். இதைத் தெரியாமல் பிள்ளையை அனுப்பிவிட்டு ஐந்தாறு வருடம் கழித்துத் தெரிந்துகொள்ளும் பெற்றோரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மலேசியாவில் வெளிநாட்டு மாணவர்களின் வீசா விண்ணப்பங்களைக் கவனிக்கும் நிறுவனம் ஒன்று உண்டு. விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அது இணையத்தில் வீதமாகக் காட்டுகிறது. எங்கள் வீட்டில் சுபஹ் தொழுகை முடிந்ததும் ராத்தா கைத்தொலைபேசியில் அந்த எண்ணைப் பார்ப்பார். பல நாட்களாக 35இலேயே நின்றது. "35 எண்டா எஸ் தானே, பாஸ்தான்" என்று நான் சொன்னேன். உம்மா சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. வீசா அங்கீகாரக் கடிதம் வரும் வரை விமானச்சீட்டு வாங்கக் கூடாது, வாங்கினால் பணம் வீணாகலாம். அதனால் திகதி இல்லாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பதைவிட இது கடினம் என்று ராத்தா சொல்கிறார். பெறுபேறு வராவிட்டாலும் நாம் எழுதியது எழுதியதுதான். இங்கே எழுதி முடித்ததாகவே தோன்றாது. இன்னும் ஏதாவது ஒரு காகிதம் கேட்பார்களோ என்ற எண்ணம் இருந்துகொண்டே இருக்கும். போய்ச் சேர்ந்த பின்பும் ஏழு நாட்களுக்குள் அங்கே மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன் பிறகே மாணவர் அனுமதி.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்த ராத்தாவே, விரிவுரை ஒன்றை இணையத்தில் போட்டுக் கேட்டபோது பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார். ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் நான்கு பகுதிகள். செவிமடுத்தலுக்கு ஏறத்தாழ 30 நிமிடம், வாசிப்புக்கு 60, எழுத்துக்கு 60, பேச்சுக்கு 11 முதல் 14 நிமிடம். புள்ளி 0 முதல் 9 வரை, பெறுபேறு இரண்டு வருடத்துக்குச் செல்லும். போதிய புள்ளி இல்லாதவர்களைப் பல்கலைக்கழகமே தன் பரீட்சைக்கு உட்படுத்தும். அதிலும் போதாவிட்டால் பட்டப்படிப்பைத் தொடங்க முன் அங்கேயே ஆங்கிலம் மட்டும் படிக்க வேண்டும். அதாவது, இங்கே வீட்டில் இருந்து படிக்கக்கூடிய ஆங்கிலத்தை அங்கே ரிங்கிட் கொடுத்துப் படிப்பது. வாப்பாவுக்கு இது விளங்கிய நாளிலிருந்து, ராத்தாவை அடுப்படி வேலைக்குக் கூப்பிட வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த வேலை யாருக்கு வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பேச்சுப் பகுதிக்குப் பரீட்சகர் நான்தான். ஒரு தலைப்பைக் கொடுப்பேன். ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். முதல் வாரம், "நீங்கள் வாழும் இடத்தை விபரியுங்கள்" என்றேன். 40 வினாடியில் ராத்தா நின்றுவிட்டார். வயல், கடல், பள்ளிவாசல், சந்தை என்று நான்கு சொற்களோடு ஊர் முடிந்துவிட்டது. பிறந்த ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்ல எங்களிடம் ஆங்கிலம் மட்டும் அல்ல, பழக்கமும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் எங்களிடம் அதைக் கேட்டதே இல்லையே! பிறகு தமிழிலேயே முதலில் சொல்லிப் பார்த்தார். அறுவடை முடிந்த வயலில் எருமைகள் மேய்வது, நோன்பு காலத்தில் கஞ்சி வாங்கச் சட்டிகளோடு சிறுவர்கள் நிற்கும் வரிசை, சாச்சி கடலுக்கு முதுகு காட்டி உட்காருவது. அதன் பிறகு ஆங்கிலம் தானாக வந்தது என்று சொல்ல மாட்டேன். திக்கித் திக்கித்தான் வந்தது. ஆனால் இரண்டு நிமிடம் போதவில்லை.

மலாய் மொழிக்கு வேறு கதை. அங்கே கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்', கட்டிலுக்கு 'காத்தில்', பெட்டிக்கு 'பெத்தி'. எல்லாம் முன்னொரு காலத்தில் வணிகரோடு கடல் கடந்த நம் சொற்கள். மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறைக்கு 'ஜாவி' என்று பெயர். இன்றும் சில மாநிலங்களில் பெயர்ப்பலகைகளில் காணலாம். அரபியில் இல்லாத மலாய் ஒலிகளுக்காக இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டியிருக்கிறார்கள். உம்மம்மா சிறுவயதில் ஓதப்போன இடத்தில் அரபுத்தமிழ் படித்தவர். அங்கேயும் தமிழ் ஒலிகளுக்காக இப்படித்தான் எழுத்துகளைச் சற்று மாற்றி வைத்திருந்தார்கள். ராத்தா தொலைபேசியில் ஒரு கடைப் பலகையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். உம்மம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, காஃப், தால், அலிஃப், யே என்று ஒவ்வொன்றாகக் கூட்டினார். "கதாய்... கெடாய்... கடையா புள்ள?" என்றார். எங்கள் வீட்டில் மலாய் வாசித்த முதல் ஆள் உம்மம்மாதான். அன்றிலிருந்து அந்த நாடு அவருக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. கிப்லாவும் இங்கே போலவே மேற்கிலிருந்து சற்று வடக்கே சரிந்துதான் இருக்கும், மலாய் முஸ்லிம்களும் நம்மைப் போல ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள் என்று சொன்னபோது இன்னும் கொஞ்சம் கிட்ட வந்துவிட்டது.

பெண் பிள்ளை தனியே போவது பற்றிய பேச்சை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் அது நேர்மையாக இராது. பெண் மஹ்ரம் இல்லாமல் பிரயாணம் செய்வது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மஹ்ரம் கட்டாயம் என்பவர்களும், பாதுகாப்பான துணையோடு போகலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வாப்பா ஆலிம் ஒருவரிடம் போய்க் கேட்டார், பிறகு வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துக் கதைத்தார். முடிவில் வாப்பாவே கூடப் போய், விடுதியில் சேர்த்து, ஒரு வாரம் நின்று திரும்புவது என்று தீர்மானமானது. இரண்டாவது விமானச்சீட்டின் செலவு பெரியது. ஆனால் இந்தச் செலவு எவருக்கும் வீணாகத் தோன்றவில்லை. வாப்பா வெளிநாடு பார்த்தவர் அல்லர், அவருக்கும் உள்ளுக்குள் ஓர் ஆவல் இருப்பது எங்களுக்குத் தெரிகிறது.

மேடைகளில் கல்வியைப் பற்றிப் பேசும்போது சீனாவுக்குப் போயேனும் படிக்கச் சொல்லும் வாசகத்தை எடுத்துக் கூறுவது வழக்கம். அது பலவீனமான அறிவிப்பு என்று ஹதீஸ் துறையினர் சொல்கிறார்கள். அது இல்லாமலே நம்மிடம் வரலாறு இருக்கிறது. கல்விக்காகப் பிரயாணம் செய்வதற்கு 'ரிஹ்லா' என்று தனிச் சொல்லே உண்டு. இமாம் புகாரி ஏறத்தாழ என் வயதில், 16 வயதளவில், தாயாரோடும் சகோதரரோடும் ஹஜ்ஜுக்காக மக்கா போனார். ஹஜ் முடிந்ததும் தாயும் சகோதரரும் ஊர் திரும்பினார்கள். அவர் படிப்பதற்காக அங்கேயே தங்கிவிட்டார். பாடத்தில் இதை வாசித்தபோது நான் மகனைப் பற்றித்தான் நினைத்தேன். இப்போது உம்மாவைப் பார்க்கும்போது அந்தத் தாயை நினைக்கிறேன். புகாராவுக்குத் திரும்பும் நீண்ட வழியில் அவர் என்ன நினைத்திருப்பார்? உம்மா அதிகம் பேசுவதில்லை. சம்பலுக்கு மாசியை இடித்து, வறுத்து, போத்தலில் அடைக்கிறார். மறுநாள் இன்னொரு போத்தல். பயணப் பையின் நிறைக்கு அளவு உண்டு என்று நான் நினைவுபடுத்தினால், "புத்தகத்தைக் குறைக்கச் சொல்லு" என்கிறார்.

பணத்தைப் பற்றி வீடுகளில் பிள்ளைகள் முன் கதைப்பதில்லை. எங்கள் வீட்டில் கதைத்தார்கள். அதனால்தான் என்னால் எழுத முடிகிறது. 2022 மார்ச் ஆரம்பத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. அந்த வருடம் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தவர்களின் பெற்றோர் பட்ட பாட்டை ஊரில் எல்லோரும் அறிவார்கள். அதனால் வாப்பா கணக்கை ரூபாவில் எழுதவில்லை, ரிங்கிட்டில் எழுதினார். அவர் கணக்கு எழுதிய நாளில் ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 70 ரூபாவாக இருந்தது. அது 100 ஆனால் என்ன செய்வது என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரல். அங்கே போய் வேலை செய்து சமாளிப்பார் என்று சொல்பவர்களின் பேச்சை நம்ப வேண்டாம். வெளிநாட்டு மாணவர்கள் படிக்கும் பருவத்தில் வேலை செய்ய முடியாது. ஏழு நாட்களுக்கு மேற்பட்ட விடுமுறையில், அனுமதி பெற்று, வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரையே செய்யலாம். அதுவும் குறிப்பிட்ட சில தொழில்களில்தான்.

இரண்டு ஏக்கர் வயலை நான்கு போகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். உம்மாவின் காப்பு ஒரு சோடி போயிருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம் ராத்தாவைப் பற்றியது அல்ல. அடுத்த வருடம் நான் உயர்தரம் எழுதுவேன். என் முறை வரும்போது என்ன மீதம் இருக்கும்? இதைக் கேட்பது சுயநலமாகத் தோன்றலாம், ஆனாலும் கேட்டேன். வாப்பா என்னைக் கோபிக்கவில்லை. "இப்ப சொல்ல ஏலாது, மகள். வயல் திரும்பி வர ரெண்டு வருஷம். அதுக்குள்ள உனக்கு இங்கயே கிடைச்சா நல்லம். கிடைக்காட்டி அப்ப பாப்பம். இல்ல எண்டு இப்ப சொல்லவும் மாட்டன், தாறன் எண்டும் சொல்ல மாட்டன்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த ராத்தா எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

அன்றிரவு விளக்கை அணைத்த பிறகும் அவர் தூங்கவில்லை. "நான் போகாம விடட்டா?" என்று இருட்டில் கேட்டார். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, "அப்ப சாச்சிக்கு யாரு?" என்றேன். அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளையை அனுப்பும்போது மற்றப் பிள்ளைகளிடமும் கணக்கைக் காட்டுங்கள். வாப்பாவின் பதில் எனக்கு இனிப்பாக இருக்கவில்லை, ஆனால் அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதை வைத்து நான் படிக்கலாம். தெரியாமல் இருந்திருந்தால் ஒவ்வொரு போத்தல் மாசிச் சம்பலையும் எனக்குரிய பங்கிலிருந்து எடுத்ததாகவே பார்த்திருப்பேன்.

ராத்தாவின் ஆவலைப் பற்றி இவ்வளவு நேரமும் சொல்லவில்லை. அது வெளியே அதிகம் தெரிவதில்லை. இரவில் அவர் தொலைபேசியில் கொம்பாக்கின் வீதிப் படங்களைத் திறந்து, விடுதி வாசலிலிருந்து குல்லிய்யாவுக்குப் போகும் வழியில் விரலால் நடந்து போவார். எந்த இடத்தில் மரநிழல், எந்த இடத்தில் ஏற்றம் என்பதெல்லாம் தெரியும். மழை பெய்தால் எங்கே ஒதுங்கலாம் என்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறார். படத்தில் உள்ள மாணவியர் சிலர் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களில் ஒருவர் தனக்குத் தோழியாகலாம் என்று நினைப்பாராம். அந்தப் படம் எடுத்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும், அவர்கள் எல்லோரும் பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள் என்று நான் சொன்னேன். "தெரியும். ஆனா வழி அதே வழிதானே" என்றார்.

மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. நாங்கள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது அங்கே பத்தரை. ஆகவே தொலைபேசிப் பேச்சை மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் வைத்துக்கொள்வது என்றும், பரீட்சைக் காலத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் என்றும் முடிவு செய்திருக்கிறோம். தினமும் அழைக்க வேண்டாம் என்று சொன்னவர் உம்மாதான். அது எங்கள் எல்லோருக்கும் ஆச்சரியம்.

வீட்டிலிருந்து ஒருவர் போனால் அவர் செய்துவந்த வேலைகளும் இடம் மாற வேண்டும். அவை எவை என்று எழுதிப் பார்த்தபோதுதான் ராத்தா இந்த வீட்டில் எவ்வளவு செய்திருக்கிறார் என்பது தெரிந்தது. மின்சாரப் பட்டியலுக்குப் பணம் கட்டுவது, வாப்பாவின் உர மானியப் படிவங்களை நிரப்புவது, தம்பிக்குக் கணிதம், சாச்சி வீட்டுக்கு வியாழக்கிழமை பின்னேரம் போய் இருந்துவிட்டு வருவது. எல்லாவற்றிலும் கடினமானது உம்மம்மாவின் மருந்து. காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் இரண்டு, இரவில் பாதி வில்லை. பாதியாக உடைக்கும்போது நொறுங்காமல் இருக்க நகத்தால் கோட்டின் மேல் அழுத்த வேண்டும். ராத்தா எனக்குக் காட்டித் தருகிறார். இந்த வாரம் நானே உடைக்கிறேன், அவர் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்.